திரையில் நமக்கென ஒரு முகம்

தமிழ்த் திரைப்படமொன்றில் முஸ்லிம் பாத்திரம் தோன்ற வேண்டுமாயின் அதற்கு ஏதேனும் ஒரு காரணம் இருந்தாக வேண்டும் என்பது எழுதப்படாத விதி. ஏனைய பாத்திரங்கள் காரணமின்றி வரலாம். தேநீர்க் கடையில் அமர்ந்து செய்தித்தாள் படிக்கலாம், காதலிக்கலாம், கடன்படலாம், பிழைப்பில் தோற்றுப் போகலாம். தொப்பியணிந்த ஒருவர் சட்டகத்துக்குள் வந்துவிட்டால் மட்டும் பார்வையாளர் நிமிர்ந்து உட்காருகிறார். வந்தவர் மத நல்லிணக்கத்தின் சின்னமா, நாயகனுக்காக உயிர்விடப் போகும் நண்பரா, அன்றிப் பைக்குள் வெடிகுண்டு வைத்திருப்பவரா என்று அவர் மனம் கணக்கிடத் தொடங்கிவிடுகிறது. இந்த மூன்றுக்கும் அப்பால் நான்காவது ஒரு வாய்ப்பு உண்டு என்பதை நம் திரை வெகு அரிதாகவே நினைவில் கொண்டிருக்கிறது.

இது திரைப்பட வரலாறன்று. முழுமையான பட்டியலும் அன்று. படங்களை விரும்பிப் பார்க்கும் ஒருவரின் சொந்த அபிப்பிராயங்கள் என்ற அளவிலேயே இதனை வாசகர்கள் கொள்ள வேண்டும். தருமபுரி மாவட்டத்தில், அரூர் வட்டத்தின் தீர்த்தமலையிலிருந்து இதனை எழுதுகிறோம். அரூருக்குப் போய்த் திரையரங்கில் பார்த்தவை சில, ஒளிநாடாவிலும் குறுந்தகட்டிலும் பார்த்தவை பல, அண்மைக் காலத்தில் கைபேசியின் சிறு திரையில் பார்த்தவை இன்னும் பல. சினிமா பார்ப்பதே கூடாது என்னும் பெரியோர் நம்மிடையே இன்றும் உண்டு. அவர்களோடு இங்கு வாதிட வரவில்லை. அவர்கள் பாராவிட்டாலும் அவர்களைப் பார்க்கும் அண்டை வீட்டார், படத்தில் கண்ட முஸ்லிமின் வழியாகவே அவர்களைப் பார்க்கிறார் என்பதுதான் நம் கவலை.

பழையதிலிருந்து தொடங்குவோம். 1956 பொங்கலுக்கு வெளிவந்த ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம் என்பதைப் பலரும் அறிவர். அதை எடுத்தது சேலத்தில் டி. ஆர். சுந்தரம் நடத்திய மாடர்ன் தியேட்டர்ஸ். தருமபுரி தனி மாவட்டமாகப் பிரிந்தது 1965 அக்டோபரில்தான், ஆகவே எம்.ஜி.ஆரும் பானுமதியும் உலவிய அந்த அரபு நகரம் அன்றைய கணக்கில் நம்முடைய சொந்த மாவட்டத்தில் எழுந்த நகரமே. ‘குலேபகாவலி’ (1955), ‘பாக்தாத் திருடன்’ (1960) என இவ்வகைப் படங்கள் ஒரு காலத்தில் வரிசையாக வந்தன. பளபளக்கும் சராய்களும் தலைப்பாகைகளும் வளைந்த வாள்களும் நிறைந்த இவ்வுலகில் எல்லோரும் முஸ்லிம்கள். ஆனால் ஒருவரும் முஸ்லிமாக வாழ்வதில்லை. எனினும் இப்படங்களின்மீது நமக்கு வருத்தம் கிடையாது. அலிபாபா கதையே அரபுமொழிப் பழஞ்சுவடிகளில் காணப்படாதது. அலெப்போ நகரத்து ஹன்னா தியாப் என்ற மாரோனியக் கிறித்தவர் பாரிசில் வாய்மொழியாகச் சொல்ல, அந்துவான் காலான் என்னும் பிரெஞ்சுக்காரர் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தம் ‘ஆயிரத்தொரு இரவுகள்’ மொழிபெயர்ப்பில் சேர்த்துக்கொண்டது. சிரியாவில் புறப்பட்டுப் பாரிஸ் வழியாகச் சேலத்துக்கு வந்து சேர்ந்த கதையில் நம் முகத்தைத் தேடுவது வீண்வேலை. அது விளையாட்டு, விளையாட்டாகவே நன்றாக இருக்கிறது. பானுமதியின் மிடுக்குக்காகவே இன்னொரு முறை பார்க்கலாம்.

உண்மையான வழக்கு 1961இல் வந்த ‘பாவமன்னிப்பு’ படத்தில் தொடங்குகிறது. ஏ. பீம்சிங் இயக்கிய இப்படத்தை நம் சமூகத்தின் மூத்த தலைமுறை இன்றும் நெகிழ்ச்சியோடு நினைவுகூர்கிறது. அதற்கு நியாயமும் இருக்கிறது. சிவாஜி கணேசன் ரஹீமாக வருகிறார். அவரை வளர்க்கும் மருத்துவர் இஸ்மாயிலாக நாகையா வருகிறார். அந்த இல்லத்தின் அமைதியும் கண்ணியமும் அதற்கு முன் தமிழ்த் திரை அதிகம் காட்டாதவை. பெருநாள் கொண்டாட்டப் பாடலில் டி. எம். சௌந்தரராஜனோடு நாகூர் இ. எம். ஹனிபாவின் குரலும் சேர்ந்து ஒலிக்கிறது. பள்ளிவாசல் முற்றத்திலும் கட்சி மேடையிலும் கேட்டுப் பழகிய அந்தக் கம்பீரக் குரல் திரையரங்கின் இருட்டில் எழுந்தபோது, தமக்கும் அவ்விருட்டில் ஓர் இருக்கை ஒதுக்கப்பட்டிருக்கிறது என்று நம்மவர் உணர்ந்திருப்பர். அதனைச் சிறிய செய்தியாக நாம் கொள்வதில்லை.

ஆயினும் கதையின் முடிச்சைக் கவனிக்க வேண்டும். ரஹீம் பிறப்பால் முஸ்லிம் அல்லர், எம். ஆர். ராதா ஏற்ற வைர வியாபாரி ஆளவந்தாரின் மகன். முஸ்லிம் வீட்டில் வளர்ந்தவர், அவ்வளவே. மதம் வளர்ப்பினால் வருவது, மனிதம் அதற்கு முந்தியது என்று படம் சொல்ல விரும்புகிறது, சொல்லவும் செய்கிறது. ஆனால் அதே முடிச்சு வேறொன்றையும் சொல்லாமல் சொல்கிறது. தமிழகத்தின் மிகப் பெரிய நடிகர் தொப்பியணிந்து இரண்டரை மணி நேரம் நாயகனாக இருக்க வேண்டுமானால், அந்தத் தொப்பிக்குக் கீழே ஓடும் இரத்தம் எங்கிருந்து வந்தது என்பதற்கு ஓர் உத்தரவாதம் தேவைப்பட்டிருக்கிறது. அதே நிலைமையில் முஸ்லிம் பெற்றோருக்குப் பிறந்து இந்து இல்லத்தில் வளரும் நாயகனை 1961இல் யாரேனும் எழுதியிருப்பார்களா? படத்தின் நல்லெண்ணத்தை நாம் ஐயுறவில்லை. நல்லெண்ணமே எந்த எல்லைவரை போக முடிந்தது என்பதை அளந்து பார்க்கிறோம்.

இதற்குப் பின் முஸ்லிம் பாத்திரத்துக்கு வாய்த்தது பெரும்பாலும் நண்பர் வேடம். ‘சஞ்சீர்’ என்னும் இந்திப் படத்தில் பிரான் ஏற்ற பட்டாணியர் வேடம் தமிழில் ‘சிரித்து வாழ வேண்டும்’ (1974) ஆனபோது, அப்துல் ரஹ்மானையும் எம்.ஜி.ஆரே ஏற்றார். நண்பனும் நாயகனும் ஒரே ஆளாகிவிட்டது தற்செயலான நகைச்சுவை. ‘பாட்ஷா’ (1995) இன்னும் சுவையான சான்று. மாணிக்கம் என்னும் நாயகனுக்காக அன்வர் பாட்ஷா உயிரை விடுகிறான். மாணிக்கம் அவன் பெயரை எடுத்துக்கொள்கிறான். படத்தின் தலைப்பு, நாயகனின் புகழ், அரங்கில் எழும் ஆரவாரம் யாவும் அந்தப் பெயருக்கே. பெயரின் உரிமையாளனோ கதையின் முற்பகுதிச் சம்பவம் ஒன்றில் முடிந்து போகிறான். பெயரை வைத்துக்கொண்டு ஆளை அனுப்பிவிடும் இந்த ஏற்பாட்டைப் பார்த்து நம் இளைஞர்களும் விசிலடித்தார்கள். நாமும் இரசித்தோம் என்பதை மறைப்பானேன். ரஜினிகாந்தின் அந்த நடையை இரசிக்காமல் இருப்பது கடினம்.

மணிரத்னத்தின் இரு படங்களைப் பற்றி ஏராளமாக எழுதப்பட்டுவிட்டது. சுருக்கமாகச் சொல்லிக் கடப்போம். ‘ரோஜா’ (1992) படத்தில் எரியும் தேசியக் கொடியை நாயகன் தன் உடலால் அணைக்கும் காட்சியோடு தீவிரவாதி தொழுகையில் இருக்கும் காட்சியை வெட்டி வெட்டி இணைத்திருப்பது, எந்த வசனமும் செய்ய முடியாததைச் செய்துவிட்டது. தொழுகை என்ற செயலே ஐயத்துக்குரிய குறியாயிற்று. படத்தொகுப்பு என்பது வெறும் தொழில்நுட்பமன்று, அதுவே கருத்து என்பதற்கு நாம் இளைஞர்களிடம் எடுத்துக்காட்டும் பாடம் இது. ‘பம்பாய்’ (1995) அதைவிடச் சிக்கலான படம். இந்து இளைஞன், முஸ்லிம் பெண் என்ற இணை. இதன் தலைகீழ் வடிவம் வணிகத்துக்கு ஆகாது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் ஒரு செய்தியை நாம் அடிக்கடி நினைத்துக்கொள்வதுண்டு: அப்படத்தில் வைதிகமான இந்துத் தந்தை நாராயண பிள்ளையாக நடித்தவர் நாசர், முஸ்லிம் தந்தை பஷீராக நடித்தவர் கிட்டி. இரு நடிகரும் தத்தம் பிறப்பு வட்டத்தை விட்டு மற்றவர் வட்டத்துக்குள் அவ்வளவு இயல்பாகப் புகுந்தனர். படம் பேசிய நல்லிணக்கத்தைவிட அந்த நடிப்பில் நல்லிணக்கம் கூடுதல் என்பது நம் துணிபு. ‘பர்ஹானா’ (2023) படத்திலும் முஸ்லிம் தந்தை வேடம் கிட்டிக்கே வந்தது. இருபத்தெட்டு ஆண்டுகளாகத் தமிழ்த் திரைக்கு ஒரே ஒரு முஸ்லிம் தந்தையைத்தான் தெரியும் போலும்!

மொழியைப் பற்றியும் இங்கே ஒரு சொல். திரையில் வரும் முஸ்லிம் எவராயினும் ஒரே வகைப் பேச்சுதான் பேசுகிறார். காயல்பட்டினத்தின் ‘வாப்பா’வும் உள்மாவட்டங்களின் ‘அத்தா’வும் வேறு வேறு ஊர்கள், வேறு வேறு வரலாறுகள் என்பது வசனகர்த்தாக்களுக்குத் தெரிவதில்லை. நம் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதிகளில் வீட்டுக்குள் தக்கினி உருதும் வாசலைத் தாண்டினால் தமிழும் பேசும் குடும்பங்கள் ஏராளம். ஒரே வாக்கியத்தில் இரு மொழிகளுக்கும் தாவும் அந்தப் பேச்சின் இனிமையும் நகைச்சுவையும் எந்தப் படத்திலும் நம் காதில் விழவில்லை. தோப்பில் முஹம்மது மீரானின் ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’ 1988இல் வந்தது. சல்மாவின் ‘இரண்டாம் ஜாமங்களின் கதை’ 2004இல் வந்தது. முஸ்லிம் ஊர்களின் உட்பகை, வர்க்க பேதம், பெண்களின் அடைபட்ட இரவுகள், கிண்டல், பசி ஆகிய யாவும் அங்கே எழுத்தில் கிடக்கின்றன. திரைக்கதை எழுதுவோர் நூலக அலமாரிவரை நடந்திருந்தால் போதும்.

2012இல் ‘துப்பாக்கி’, 2013இல் ‘விஸ்வரூபம்’. முன்னதற்கு எதிர்ப்பு எழுந்தது. பின்னதன் வரலாறு அனைவருக்கும் நினைவிருக்கும்: முஸ்லிம் அமைப்புகள் எதிர்ப்புத் தெரிவித்தன, மாவட்ட ஆட்சியர்கள் 144 தடையுத்தரவு பிறப்பித்தனர், சில காட்சிகளை மாற்ற உடன்பாடு ஏற்பட்ட பின் பிப்ரவரி 7 அன்று படம் தமிழகத்தில் வெளியாயிற்று. இது குறித்து நம் கருத்து நம் வாசகர் சிலருக்குக் கசக்கக்கூடும். தடையைக் கோரியது பிழை என்பதே நம் நிலைப்பாடு. தடைதான் பேச்சாயிற்றே தவிரப் படம் பேச்சாகவில்லை. படத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியிருந்த மிக முக்கியமான ஒன்று அந்த இரைச்சலில் அடிபட்டுப் போயிற்று. ‘விஸ்வரூபம்’ படத்தின் நாயகனே ஒரு முஸ்லிம். விஸாம் அஹ்மத் காஷ்மீரி. தொழுபவன், துணிவுள்ளவன், அறிவுள்ளவன். ஆனால் அவன் இந்திய உளவுத்துறையின் ஆளாக இருப்பதனாலேயே நல்ல முஸ்லிம் ஆகிறான். கெட்ட முஸ்லிமைக் கொல்வதே நல்ல முஸ்லிமின் தொழில். இவ்விருவருக்கும் நடுவில் தையற்கடை நடத்துபவர், பிள்ளையின் பள்ளிக் கட்டணத்துக்கு அலைபவர், வட்டி பெரிதா பெருநாள் பெரிதா என்று குழம்புபவர் எவருக்கும் இடமில்லை. இதை ஒரு நல்ல கட்டுரையாக எவரேனும் அன்றே எழுதியிருந்தால், ஆட்சியரின் ஆணையைவிட அது நீண்ட நாள் நின்றிருக்கும். ஆட்சியரின் ஆணையைத் தேடிப் போகும் பழக்கம் ஒருமுறை வந்துவிட்டால் நாளை நம் கதையை நாமே எடுக்கும்போது அதே ஆணையை வேறொருவர் நமக்கெதிராக வாங்கிவருவார் என்பதையும் எண்ண வேண்டும். ‘பர்ஹானா’ விஷயத்தில் மறுபடியும் அதே எதிர்ப்பு எழுந்தபோது நமக்குச் சோர்வே மிஞ்சியது. வீட்டு வறுமைக்காக வேலைக்குப் போகும் ஒரு முஸ்லிம் பெண்ணின் அச்சங்களை அது ஓரளவு பரிவோடுதான் காட்டியிருந்தது.

வெங்கட் பிரபுவின் ‘மாநாடு’ (2021) வந்தபோது நம் இளைஞர்கள் கொண்டாடினர். கொண்டாட்டத்தில் நாமும் பெரும்பங்கு உடன்படுகிறோம். சிலம்பரசன் ஏற்ற அப்துல் காலிக் நண்பனின் காதலுக்கு உதவப் போகும் சாதாரண இளைஞன். முதலமைச்சரின் கொலைப் பழியை அவன் தலையில் கட்டத் திட்டம் தீட்டப்படுகிறது. ஒரே நாள் மீண்டும் மீண்டும் விடிகிறது. ஒவ்வொரு முறையும் அவன் சாகிறான், மறுபடி விழிக்கிறான், மறுபடி அதே பழிக்குத் தப்ப முயல்கிறான். குண்டு வெடித்த மறுநாள் ஒவ்வொரு முறையும் தன் பெயரைச் சொல்லித் தன்னை நிரூபித்துக்கொள்ள வேண்டியிருக்கும் ஒரு சமூகத்துக்கு, கால வளையம் என்னும் இந்த உத்தி வெறும் வேடிக்கையாகத் தோன்றாது. இயக்குநர் அதை எண்ணித்தான் செய்தாரா என்பது முக்கியமன்று. பார்த்தவருக்கு அது அப்படிப் பட்டது. எஸ். ஜே. சூர்யாவின் காவல் அதிகாரி வேடம் படத்தைத் தூக்கிச் செல்கிறது. ஆனால் ஓர் இடத்தில் நமக்குப் பழைய நினைவு வந்தது. இந்த இளைஞனுக்கு மட்டும் ஏன் காலம் சுழல்கிறது? கலவர நாளொன்றில் உஜ்ஜயினியின் கால பைரவர் கோவிலுக்குள் பிறந்தவன் என்பதால். ‘பாவமன்னிப்பு’ வந்து 60 ஆண்டுகள் கழித்தும் முஸ்லிம் நாயகனுடைய பிறப்புச் சான்றிதழில் ஒரு குறிப்பு தேவைப்படுகிறது!

இனி நம் ஊர்ப் பக்கத்துக் கதை. தீர்த்தமலையைப் போலவே அரூர் வட்டத்தில், சித்தேரி மலையடிவாரத்தில் இருக்கிறது வாச்சாத்தி. 1992 ஜூன் 20 அன்று சந்தன மரக் கடத்தலைத் தேடுவதாக வனத்துறையும் காவல்துறையும் வருவாய்த்துறையும் அந்த மலைவாழ் மக்களின் ஊருக்குள் புகுந்தன. பதினெட்டுப் பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு உள்ளாயினர். வீடுகள் நொறுக்கப்பட்டன, ஊர் வெறிச்சோடியது. குற்றம் சாட்டப்பட்டோர் 269 பேர். அவர்களில் வனத்துறையினர் 155, காவல்துறையினர் 108, வருவாய்த்துறையினர் 6. 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது 54 பேர் இறந்துபோயிருந்தனர். எஞ்சிய 215 பேரும் குற்றவாளிகள் எனத் தீர்ப்பாயிற்று. 2023இல் அதே செப்டம்பர் 29ஆம் நாள் சென்னை உயர் நீதிமன்றம் மேல்முறையீடுகளைத் தள்ளுபடி செய்தது.

வெற்றிமாறனின் ‘விடுதலை’ முதல் பாகம் (2023 மார்ச்) ஜெயமோகனின் ‘துணைவன்’ சிறுகதையிலிருந்து புறப்பட்டாலும், அதில் வரும் பெண்களின் துயரம் வாச்சாத்தியை நினைவூட்டாமல் இராது. படத்தின் ஊருக்கு அருமபுரி என்று பெயர். தருமபுரிக்காரர் காதில் அது எப்படி விழும் என்று சொல்ல வேண்டியதில்லை. வெற்றிமாறன் மீது நமக்கு மதிப்பு உண்டு. கடைநிலைக் காவலர் குமரேசனாகச் சூரி காட்டிய தயக்கமும் கூனலும் அண்மைத் தமிழ்த் திரையின் சிறந்த நடிப்புகளுள் வைக்கத் தக்கவை. ஆனாலும் இப்படத்தோடு நமக்கு ஒரு தீராத பிணக்கு இருக்கிறது. பெண்கள் ஆடை களையப்பட்டு வதைக்கப்படும் காட்சிகள், குமரேசன் கூரை கூரையாகத் தாவித் தலைமறைவுத் தலைவரைப் பிடிக்க ஓடும் காட்சிகளோடு இடைவிடாது பின்னப்பட்டிருக்கின்றன. அவன் விரைந்து ஓட வேண்டும் என்பதற்காக அவர்கள் அங்கே அலற வேண்டியிருக்கிறது. வதைபடும் பெண்களின் நேரம் நாயகனுடைய ஓட்டத்தின் கடிகாரமாக மாறிவிடுகிறது. ‘ரோஜா’வில் தொழுகையைக் கொடியோடு பின்னியபோது நாம் எந்தக் கேள்வியைக் கேட்டோமோ அதே கேள்வியை இங்கும் கேட்க வேண்டும். இங்கே பாதிக்கப்பட்டவர் நாம் அல்லர் என்பதற்காக வாய் மூடியிருந்தால், அங்கே கேட்டதற்கும் பொருளில்லாமல் போகும். இங்கிருந்து அவ்வூர் அதிகத் தொலைவில்லை. அப்பெண்கள் யாரோ எவரோ அல்லர்.

இன்னொன்று: படம் கொடுமையைச் சீருடைக்குள் அடக்கிவிட்டது. வாச்சாத்தி வழக்கில் குற்றம் சாட்டப்பட்டோர் பட்டியலில் வருவாய்த்துறையினர் அறுவர் இருந்தனர் என்று சொன்னோம். துப்பாக்கியும் தடியும் இல்லாத, கோப்பும் பேனாவும் உடைய மனிதர்கள். கொடுமை நடந்த இடத்தில் நின்றுகொண்டிருந்த அந்தச் சாதாரண அலுவலரைத் திரையால் ஏன் பார்க்க முடியவில்லை? வில்லனுக்குரிய மீசையோ உறுமலோ அவரிடம் இல்லாததனால் இருக்கலாம். நமக்கு அச்சமூட்டுபவர் அவரே.

‘ஜெய்பீம்’ (2021) இவ்வகையில் ஒரு படி மேல் என்போம். 1993இல் நடந்த உண்மை வழக்கைத் தழுவிய அப்படத்தில் நீதிமன்றம் வெறும் உச்சக்காட்சி மேடையாக நில்லாமல், நாள்பட நடக்கும் வேலையாகக் காட்டப்படுகிறது. செங்கேணியாக லிஜோமோள் ஜோஸ் காட்டும் பிடிவாதம் மறக்க முடியாதது. பிற்பகுதியில் வழக்கறிஞர் அவளைவிடப் பெரிதாக வளர்ந்துவிடுகிறார். நட்சத்திரத்துக்குத் தர வேண்டிய விலை அது. உண்மையில் இறந்தவர் குறவர் சமூகத்தவர் என்றிருக்க, படம் அவரை இருளராக்கியதையும் குறையாகவே கொள்கிறோம். துன்பத்தைக் கடன் வாங்குவோர் துன்பப்பட்டவரின் பெயரையேனும் திருப்பித் தர வேண்டாமா?

வெற்றிமாறனின் பழைய படமான ‘விசாரணை’யைத்தான் நாம் திரும்பத் திரும்பப் பார்க்கிறோம். மு. சந்திரகுமாரின் ‘லாக்கப்’ நூலைத் தழுவியது. 2015இல் வெனிஸ் விழாவில் திரையிடப்பட்டது. குண்டூரில் பூங்காவொன்றில் படுத்துறங்கும் தமிழ்க் கூலித் தொழிலாளர் நால்வர் செய்யாத திருட்டுக்காகப் பிடிபடுகின்றனர். அவர்களுள் ஒருவன் பெயர் அப்சல். அவன் நல்லிணக்கம் பேச வரவில்லை, நாயகனுக்காகச் சாக வரவில்லை, குண்டு வைக்கவும் வரவில்லை. பிழைக்க வந்தான், மற்ற மூவர் வாங்கும் அடியையே தானும் வாங்குகிறான், மற்றவரைப் போலவே அஞ்சுகிறான், தளர்கிறான். முஸ்லிம் பாத்திரம் என்று எவரும் அப்படத்தைப் பற்றிப் பேசியதாக நமக்கு நினைவில்லை. பேசத் தேவையில்லாமல் இருந்ததே அதன் சிறப்பு.

தமிழுக்கு வெளியே இத்தகைய இயல்பு கூடுதலாகக் கிடைக்கிறது. எம். எஸ். சத்யூவின் ‘கரம் ஹவா’வை (1973) இன்னும் பாராத வாசகர் இருந்தால் மற்ற யாவற்றையும் ஒதுக்கிவிட்டு முதலில் அதைப் பார்க்க வேண்டுகிறோம். பிரிவினைக்குப் பின் ஆக்ராவில் காலணித் தொழில் நடத்தும் சலீம் மிர்ஸாவாக பல்ராஜ் சாஹ்னி. வங்கி கடன் தர மறுக்கிறது, வீடு கைவிட்டுப் போகிறது, உறவினர் ஒவ்வொருவராக எல்லை கடக்கின்றனர். தாம் மணமகளாக வந்திறங்கிய மாளிகையை விட்டு வர மறுத்த முதிய தாயாரை, உயிர் பிரியும் தறுவாயில் பல்லக்கில் தூக்கி அதே மாளிகைக்குக் கொண்டுவரும் காட்சி ஒன்று இருக்கிறது. அதைப் பற்றி எழுத முனைந்து பலமுறை பேனாவை வைத்துவிட்டோம். நாட்டுப்பற்றை நிரூபிக்கும் வசனம் ஒன்றுகூட மிர்ஸாவுக்கு இல்லை. அவர் இங்கேயே இருக்கிறார், தொழிலைப் பார்க்கிறார், அவ்வளவுதான்.

மலையாளத்தில் ஜக்கரியா முஹம்மத் இயக்கிய ‘சூடானி ஃப்ரம் நைஜீரியா’ (2018) மலப்புறத்து இல்லமொன்றில் கால் முறிந்து கிடக்கும் ஆப்பிரிக்கக் கால்பந்து வீரரை இரண்டு மூதாட்டியர் பேணும் கதை. அவர்கள் மொழி அவருக்குப் புரியாது, அவர் மொழி அவர்களுக்குப் புரியாது. விருந்தோம்பல் என்ற சொல்லை எவரும் உச்சரிக்கவில்லை. கஞ்சிக் கிண்ணத்தோடு வருகிறார்கள், போகிறார்கள். நம் வீட்டு மூதாட்டியரைத் திரையில் கண்டோம் என்று முதன்முதலாகச் சொல்ல முடிந்தது அந்தப் படத்தில்தான். அதுவும் வேறு மொழியில்.

ஈரானியப் படங்கள் நமக்கு அறிமுகமானது குறுந்தகடுகளின் காலத்தில். மஜீத் மஜீதியின் ‘சில்ட்ரன் ஆஃப் ஹெவன்’ (1997) படத்தை விரும்பாதவர் அரிது. அதைச் சாமி ‘அக்கா குருவி’ (2022) என முறைப்படி தமிழாக்கினார். முயற்சி நேர்மையானது, எனினும் மூலத்தில் கண்ணீர் வருமுன் விலகிக்கொள்ளும் கேமரா இங்கே கண்ணீர் வரும்வரை காத்திருக்கிறது. அப்பாஸ் கியாரொஸ்தமியின் ‘நண்பனின் வீடு எங்கே’ (1987) நமக்கு இன்னும் நெருக்கம். தவறுதலாகத் தன்னிடம் வந்துவிட்ட நண்பனின் நோட்டுப் புத்தகத்தைத் திருப்பித் தர ஒரு சிறுவன் வளைந்து வளைந்து குன்றேறி அடுத்த ஊருக்கு ஓடுகிறான். நோட்டில்லாவிட்டால் நண்பனை ஆசிரியர் பள்ளியிலிருந்து நீக்கிவிடுவார். அமானிதத்தைக் குறித்து மேடைதோறும் கேட்ட சொற்பொழிவுகளுள் ஒன்றுகூட அந்தச் சிறுவனின் ஓட்டத்துக்கு ஈடாக நம் மனத்தில் தங்கவில்லை. மலையடிவாரத்தில் இருப்பவர்களுக்கு அந்த ஓட்டத்தின் மூச்சிரைப்பும் புரியும்.

அஸ்கர் ஃபர்ஹாதியின் ‘எ செபரேஷன்’ (2011) படத்தை இறுதிக்கென வைத்திருந்தோம். மறதி நோயுற்ற முதியவரைப் பார்த்துக்கொள்ள வரும் ஏழைப் பணிப்பெண் ரஸியா, அவருடைய ஆடையை மாற்றுவது பாவமாகுமா என்று தொலைபேசியில் மார்க்கத் தீர்ப்புக் கேட்கிறாள். நம்மூர்ப் படத்தில் இது கேலிக்குரிய காட்சியாகியிருக்கும். அல்லது பெண்ணடிமைத்தனத்துக்குச் சான்றாகியிருக்கும். ஃபர்ஹாதி கேலி செய்யவில்லை, போற்றவும் இல்லை. அவளுடைய தயக்கத்தை நமதாக்கிவிடுகிறார். கருச்சிதைவு வழக்கில் பெரும் தொகை கைக்கு வரப்போகும் வேளையில், குர்ஆன் மீது கைவைத்துச் சத்தியம் செய் என்கிறார்கள். கணவனுக்குக் கடன் தலைக்குமேல் இருக்கிறது. அவளுக்கோ உள்ளூர ஓர் ஐயம், அவள் செய்யவில்லை. தலையில் முக்காடிட்ட அந்த ஏழைப் பெண்ணின் மறுப்பில் படம் முழுவதும் திரும்பிவிடுகிறது. நம்பிக்கை என்பது ஒருவரை என்ன செய்யும், எவ்வளவு இழக்க வைக்கும் என்பதைத் திரையில் இவ்வளவு மெய்யாக வேறெங்கும் நாம் கண்டதில்லை.

அப்படத்தின் முடிவில் தாயும் தந்தையும் நீதிமன்றத் தாழ்வாரத்தில், இடையே கண்ணாடித் தடுப்பிருக்க, மகளின் முடிவுக்காகக் காத்திருக்கின்றனர். பெயர்ப் பட்டியல் ஓடத் தொடங்கிய பின்னும் அவர்கள் அங்கேயே இருக்கின்றனர்; மனிதர் போகிறார்கள், வருகிறார்கள். வேறொன்றும் நடப்பதில்லை, நாம் எழுந்திருக்க மனமின்றி உட்கார்ந்திருக்கிறோம். வாச்சாத்திப் பெண்கள் தம் வழக்கின் முதல் தீர்ப்பைக் கேட்க 19 ஆண்டுகள் காத்திருந்தனர். சாட்சி சொன்னார்கள், குற்றவாளிகளை அடையாளம் காட்டினார்கள், குறுக்கு விசாரணைகளுக்கு விடை கூறினார்கள், ஊர் திரும்பிக் கூலி வேலைக்குப் போனார்கள். ‘விடுதலை’ அவர்களுடைய ஓர் இரவை எடுத்துக்கொண்டது. அந்த 19 ஆண்டுகளின் தாழ்வாரம் எந்தப் படத்திலும் இதுவரை நம் கண்ணில் படவில்லை.